மாடிப்படியில் ஒரு பெருச்சாளி

எலிகளின் புதைபடிவப் பற்களை ஆராய்வது என் வேலை. பழங்காலத்தில் பருவநிலை மாறி வெள்ளம் வந்தபோது எந்த இனம் மேட்டுக்கு ஏறித் தப்பியது, எது அழிந்தது என்று பார்ப்பேன்.

இன்று காலை பள்ளிக்கரணையில் மழைத்தண்ணீர் ஏறிவிட்டது. எங்கள் அபார்ட்மெண்ட் மாடிப்படியில் ஒரு பெருச்சாளி நனைந்துபோய் உட்கார்ந்திருந்தது.

நான் போட்ட கூச்சலில் வாட்ச்மேன் கட்டையோடு ஓடிவந்தார்.

“தொரத்தி வுட்டுடவா மேடம்? கீழ ஃபுல்லா தண்ணி கீது.”

“தொரத்தினா திரும்ப மேலதான் ஏறும்ணா. அடிச்சிடுங்க.”

ஒரே அடி.

என் படிப்பு முதன்முறையாக வீட்டுக்கு உதவியது.

மதியம் பாதியில் நின்ற கட்டுரையைத் திறந்தேன். ‘மேட்டுக்கு ஏறிய பிறகும் இந்த இனம் ஏனோ அழிந்துபோனது’ என்று நேற்று எழுதியிருக்கிறேன்.

அந்த ‘ஏனோ’ இருக்கட்டுமா, எடுத்துவிடட்டுமா? நீங்களே சொல்லுங்கள்.