இரண்டாம் தடவை கேட்காத ஊர்

இந்த ஊரில் வாத்தியாரைப் பேர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். என் பேத்தி வயசுப் பிள்ளைகள் "சூசன், சூசன்" என்று டீச்சரை அழைக்கிறார்கள். அந்த அம்மாவும் சிரித்துக்கொண்டே திரும்புகிறது. எனக்கு வாய் வரவில்லை. "சூசன் டீச்சர்" என்கிறேன். வகுப்பே திரும்பிப் பார்க்கிறது. பார்க்கட்டும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் அமெரிக்காவில் காலேஜுக்குப் போகிறேன் என்றால் நாலு பேர் பார்க்கத்தான் செய்வார்கள்.

காலேஜ் என்றதும் மலையளவு நினைத்துவிடாதீர்கள். கம்யூனிட்டி காலேஜ். பகலெல்லாம் வேலை பார்த்துவிட்டு வருகிறவர்கள், பிள்ளை பெற்றவர்கள், என்னைப் போல நரைத்தவர்கள், யாருக்கும் இடமுண்டு. இங்கே சொந்தமாகச் சமையற்கூடம் வைக்க வேண்டுமென்றால் உணவுப் பாதுகாப்புப் பரீட்சை ஒன்று பாஸாக வேண்டுமாம். "உங்களுக்கு எதுக்குப்பா இந்த வயசுல? சும்மா உக்காந்து டிவி பாருங்க" என்றான் மகன். உட்கார்ந்து தின்றிருந்தால் தல்லாகுளத்தில் எச்சில் இலை எடுக்க வந்தவன் அதே தெருவில் மெஸ் முதலாளி ஆகியிருப்பேனா? சமையலில் எனக்குச் சொல்லித்தர இந்தக் கண்டத்தில் ஆள் கிடையாது. ஆனால் புத்தகம் இங்கிலீசில் இருக்கிறதே. அதற்குத்தான் மாலை நேரத்தில் ஓர் அறை வைத்திருந்தார்கள். மார்த்தா என்ற மெக்சிகோக்காரப் பெண் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாக வாசிக்க வைப்பாள். நான் முறைத்தாலும் அவள் முகம் சுளிக்க மாட்டாள்.

ஒரு நாள் எமிலி என்ற இளம்பெண் என்னை அழைத்து உட்காரவைத்தாள். மாணவர்களின் அனுபவம் எப்படி, படிப்புக்கு என்ன உதவி தேவைப்படுகிறது என்று காலேஜுக்காக ஆராய்ச்சி செய்கிறாளாம். ரெக்கார்டரைத் தட்டிவிட்டு, "பாடத்தில் உங்களுக்குச் சிரமம் உண்டா? மாலை நேர உதவி வேண்டுமா?" என்று கேட்டாள். "நோ பிராப்ளம். நோ ஹெல்ப். எவரிதிங் ஃபர்ஸ்ட் கிளாஸ்" என்றேன். அவள் நன்றி சொல்லிக் கதவைத் திறந்துவிட்டாள். அவ்வளவுதான். எனக்கு ஏதோ பாதிச் சாப்பாட்டில் எழுப்பிவிட்ட மாதிரி இருந்தது.

நம்ம ஊரில் முதல் தடவை கேட்டதும் ஆமாம் வேண்டும் என்று யார் சொல்வார்கள்? என் மெஸ்ஸில் பரிமாறுகிற பையன்களுக்கு நான் வைத்திருந்த முதல் பாடமே அதுதான். கையால் இலையை மறைத்தால் ஊற்று. இலையை மடித்தால் நிறுத்து. மதியம் கோர்ட்டு குமாஸ்தாக்கள் வந்து உட்கார்ந்தால் கூடமே சண்டைக்களம் போல இருக்கும். "போதும்ப்பா, போதும்ங்குறேன்ல!" "அட சும்மா இருங்கண்ணே, இம்புட்டுக் கொழம்புல வயிறா வெடிச்சுரும்?" விரல் இடுக்கில் குழம்பு இறங்கும், அண்ணன் முகத்தில் சிரிப்பு ஏறும். திருமங்கலத்திலிருந்து வேலைக்கு வந்த புதுப் பையன் ஒருவன், போதும் என்றதும் வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். அந்தக் குமாஸ்தா கல்லாவுக்கு வந்து, "என்ன மொதலாளி, ஒரு வார்த்தை கேக்கக்கூட ஆள் இல்லாமப் போச்சே ஒங்க கடையில" என்றார். அப்புறம் பல நாள் எதிர்க் கடையில்தான் சாப்பிட்டார். அந்த வெக்கையும் கூச்சலும் வாழையிலையில் சோறு விழுந்த வாசனையும் இந்தப் பனியில் நினைத்தால் மூக்கு வரைக்கும் வந்து நின்றுவிடுகிறது.

சில வாரம் கழித்து மார்த்தா புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, இந்தப் பருவத்தோடு மாலை அறையை மூடப்போகிறார்கள் என்றாள். மாலை மாணவர்களுக்கு உதவி தேவையில்லை என்று ஆராய்ச்சியில் தெரிந்ததாம். பக்கத்தில் இருந்த எத்தியோப்பியாக்காரரைப் பார்த்தேன். அவர் வியட்நாம்காரம்மாவைப் பார்த்தார். மூன்று பேரும் ஒரே பதிலைத்தான் சொல்லியிருக்கிறோம். மூன்று பேருமே வேண்டாம் என்று சொல்லி வளர்ந்தவர்கள். அறை போனால் என் பரீட்சை போச்சு. மகன் சொன்ன டிவிதான் கதி.

மறுநாள் எமிலியின் அறைக்குப் போனேன். "நீ திரும்பக் கேட்டிருக்க வேண்டும்" என்றேன். அவள் பயந்துபோனாள். "நீங்கள் வேண்டாம் என்றீர்களே? மறுபடி கேட்டால் உங்களை வற்புறுத்தியதாகுமே. அது எங்களுக்குத் தப்பு" என்றாள். எனக்குத் தெரிந்த இங்கிலீசில் இலையையும் கையையும் காட்டி விளக்கினேன். அவள் எனக்குப் பசி என்று நினைத்துக்கொண்டு கேன்டீன் இருக்கும் திசையைக் காட்டினாள். தப்புச் சொல்ல முடியாது, அவளை அப்படி வளர்த்திருக்கிறார்கள். கடைசியில் ரெக்கார்டரை நானே அவள் பக்கம் தள்ளி, "ஆஸ்க் அகெய்ன்" என்றேன். கேட்டாள். யாரிடமும் கை நீட்டாமல் வாழ்ந்தவன் நான். கடை வைத்தபோதும் நீட்டவில்லை, மனைவி ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் நீட்டவில்லை. "ஐ கேனாட் ரீட் அலோன். ஐ நீட் ஹெல்ப்" என்றேன். கூரை இடிந்து விழவில்லை. எமிலி நிமிர்ந்து பார்த்து, மற்றவர்களிடமும் திரும்பக் கேட்கிறேன் என்றாள்.

அறை அடுத்த பருவத்துக்கும் உண்டு. என்னால்தான் என்று நான் சொல்கிறேன். தன்னால்தான் என்கிறார் எத்தியோப்பியாக்காரர்.

நேற்று மார்த்தாவோடு உட்கார்ந்திருந்தபோது, இப்போது என் மெஸ்ஸை நடத்தும் மச்சினன் பழங்காநத்தத்திலிருந்து பேசினான். அங்கே விடிகிற நேரம். காய் எடுக்கக் கிளம்பிக்கொண்டிருந்தான். "மச்சான், காலேசு எப்புடிப் போவுது? யாராச்சும் சொல்லித் தாராகளா?"

"எனக்கு எவன்டா சொல்லித் தரணும்? எல்லாம் நானே பாத்துக்கிருவேன். நீ போயி கத்திரிக்காயப் பாத்து எடு" என்றேன்.

"அதான பாத்தேன். எங்க மச்சானாக்கும்" என்று சிரித்தான்.

இடது கையில் போன் இருந்தது. வலது கை விரல் வாய்க்குள் நுழையாத ஓர் இங்கிலீசு வார்த்தையின் மேல் அழுந்தியிருந்தது, மார்த்தா அடுத்த வரிக்குப் போய்விடக் கூடாதே என்று.