ஞானா அக்கா மாற்ற மறுத்த வரி

ஞாயிறு காலை வெள்ளவத்தைச் சந்தையில் மீன் பார்த்துக்கொண்டு நின்றபோது அழைப்பு வந்தது. "அங்கிள், ஞானா அன்ரி போயிட்டா" என்றாள் அவருடைய பெறாமகள். மீன் வாங்காமலே வீடு திரும்பினேன். ஆய்வுகூடத்தில் அவருடன் வேலை செய்த உங்களுக்கு அவரை நான் அறிமுகப்படுத்தத் தேவையில்லை. ஆனால் ஒரு சங்கதி உங்களுக்குத் தெரியாது.

கொழும்பில் யுத்த காலம் அது. செங்கல்லிலும் கருங்கல்லிலும் இருந்து கசியும் ரேடன் என்ற கதிரியக்க வாயு வீடுகளுக்குள் எவ்வளவு தேங்குகிறது என்று அளந்துகொண்டிருந்தோம். நிறமும் மணமும் இல்லாத அதை ஆண்டுக்கணக்கில் சுவாசித்தால் நுரையீரல் கெடும். ஃபிலிம் துண்டு வைத்த பிளாஸ்டிக் கோப்பையை அறையில் மூன்று மாதம் தொங்கவிடுவோம். அது குண்டில்லை என்று சோதனைச் சாவடிகளில் சிங்களத்தில் விளங்கப்படுத்துவது அக்கா. பின்னால் நின்று வியர்ப்பது நான்.

கொட்டாஞ்சேனையில் துறைமுக அலுவலகக் கிளாக் ஒருவரின் வீட்டில் அளவு எக்கச்சக்கமாக வந்தது. புதிதாகக் கட்டிய செங்கல் சுவர்தான் காரணம் என்று அக்கா சொல்லிவிட்டார். அந்த மனிதர் அதை இடிக்க மேசனையும் ஒழுங்கு செய்துவிட்டார். அதே செங்கல்லில் கட்டிய பக்கத்து வீட்டில் அளவு குறைவு என்று தெரிந்ததும் அக்கா என்னையும் இழுத்துக்கொண்டு ஓடினார்.

"யன்னல் திறக்கிறனீங்களோ?"

கிளாக்கின் மனைவி தலை குனிந்தார். "இல்லை அக்கா. ஆமி தெருவைச் சுத்தி வளைச்ச ரவுண்டப்பில மகனைக் கொண்டுபோய் ரெண்டு நாள் வச்சிருந்து விட்டவங்கள். எங்கட தமிழ் தெருவுக்குக் கேட்டா திரும்ப வருவாங்களெண்டு பயம்."

"பிழை என்ர. சுவரில கை வையாதேங்கோ. பகலில ஒரு மணித்தியாலமெண்டாலும் யன்னலைத் திறவுங்கோ."

"வந்தாங்களெண்டா, நீங்க வந்து நிப்பீங்களோ?"

"ஓம், வாறன்."

சொன்னபடி சனிக்கிழமைதோறும் போனார். திறந்த யன்னலோரம் கதிரையைப் போட்டு, தெருவுக்கே கேட்கும்படி தமிழில் கதைத்தார். அப்படி ஒரு மனுஷியோடு வேலை செய்தேன் என்று இன்றும் நெஞ்சை நிமிர்த்திச் சொல்வேன்.

அறிக்கையில் காரணம் என்ற இடத்தில், "பயத்தால் மூடிய யன்னல்கள்" என்று எழுதினார். "காற்றோட்டக் குறைவு" என்று மாற்றும்படி சொன்னார் பிரிவுத் தலைவர். அக்காவின் பதவி உயர்வு அவர் கையில் இருந்தது. நானும் கெஞ்சினேன். "ரெண்டும் ஒண்டுதானே அக்கா."

"ஒண்டில்லைத் தம்பி. காற்று தானாக் குறையேல்லை."

அவர் மாற்றவில்லை. மாற்றி எழுதிக் கையெழுத்து வைத்தவன் நான். பதவி உயர்வும் எனக்கே வந்தது. அக்கா அதை ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை.

தலைவர் கசக்கி எறிந்த அக்காவின் பக்கத்தை எடுத்து வைத்திருக்கிறேன். அதன் அடியில் ஒரேயொரு கையெழுத்துத்தான் இருக்கிறது. அவருடையது.