சுவரோரக் கட்டில்

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். ஆனால் இது நடந்தது. 1996 மே மாதம், மேலப்பாளையத்தில், பட்டப்பகலில், வள்ளியூர்க் கெசியாவுக்கு நடந்தது.

அரபு நாட்டு வீடுகளில் படுத்த படுக்கையாகக் கிடக்கும் முதியவர்களைப் பார்த்துக்கொள்ள நமச்சிவாயம் பெண்களை அனுப்பிக்கொண்டிருந்தார். ஒரு வாரப் பயிற்சி. உடனே நர்ஸ் சான்றிதழ். மாடியறையில் ஓர் இரும்புக் கட்டில், அதில் நைட்டி மாட்டிய தேங்காய்நார்ப் பொம்மை. அதுதான் நோயாளி. "மகாராணி இன்னும் எந்திரிக்கலையோ?" என்று பெண்கள் கேலி பேசுவார்கள். இடம் போதாமல் கட்டிலைச் சுவரோடு ஒட்டிப் போட்டிருந்தார்கள். அதனால் எல்லோரும் பொம்மையைத் தங்கள் பக்கமாக, அதன் வலப்புறமாக மட்டுமே புரட்டப் பழகினார்கள்.

கெசியா ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்தவள். இந்தப் பயணத்துக்காகத்தான் அந்த வேலையை விட்டிருந்தாள். மறுநாள் விமானம்.

"அண்ணாச்சி, ஒரு பக்கமே போட்டா புண்ணு வச்சிரும். கட்டில இழுத்துப் போடுங்க."

"பொம்மைக்கு எங்கனட்டி புண்ணு வரும்? பேசாம கெளம்புத வழியப் பாரு."

அவர் சாப்பிட இறங்கிப் போனார். மணி மூன்றே கால்.

கெசியா தானே கட்டிலை இழுத்தாள். சுவருக்கும் கட்டிலுக்கும் நடுவே நுழைந்தாள். பொம்மையின் தோளைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தாள்.

வரவில்லை.

காலையில் ஒற்றைக் கையால் தூக்கிய பொம்மை... இப்போது ஆள் கனம்.

மறுபடி இழுத்தாள்.

சர்ர்ர்... ஒட்டிய துணி உரியும் சத்தம்.

பிறகு நாற்றம். சீழ் நாற்றம். ஆஸ்பத்திரியில் அவள் அறிந்ததுதான்.

வலது இடுப்பில் நைட்டி மஞ்சளாக ஊறியிருந்தது. விரல் பட்டது. வெதுவெதுப்பு...

துணியை விலக்கினாள். உள்ளே வெள்ளையாக நெளிந்தது.

புழு.

பொம்மை முனகியது.

கெசியா கட்டிலைத் தடாலென்று தள்ளிவிட்டு வெளியே வந்தாள்.

சத்தம் கேட்டு மேலே வந்த நமச்சிவாயம் வாசலிலேயே மூக்கைப் பொத்தினார். "என்னட்டி செத்துக் கெடக்கு இங்கன?"

கட்டிலில் காய்ந்த நார்ப்பொம்மை கிடந்தது. நாற்றம் மட்டும் போகவில்லை.

கெசியா விமானம் ஏறவில்லை.

நாலாம் நாள் அக்தர் பானு வள்ளியூருக்குத் தேடி வந்தாள். மாடியறையில் பெண்களுக்கு அரபி சொல்லிக்கொடுப்பவள்.

"நீ போக இருந்த வீட்டு அம்மா மவுத்தாயிட்டாங்க. நீ கட்டில இழுத்த அன்னைக்கு மத்தியானமே. எங்க அக்கா அந்த ஊர்லதான இருக்கா... உடம்பக் குளிப்பாட்டப் போயிருக்கா. வல இடுப்புல எலும்பு தெரிஞ்சிச்சாம். இடப்பக்கம் ஒரு கீறல் இல்லையாம்."

"பாத்துக்கிட்டது யாரு?"

"போன தடவ நம்ம மாடில படிச்சிட்டுப் போன பிள்ளதான். அவளுக்கு மாத்தாத்தான் ஒன்ன அனுப்ப இருந்தாங்க. தெனமும் பெரட்டிப் போட்டேன்னு சத்தியம் பண்ணுதாளாம்."

பானு கிளம்ப எழுந்தாள்.

"அவ பொய் சொல்லல கெசியா. சொல்லிக்கொடுத்த மாதிரியேதான் பெரட்டியிருக்கா."