அப்பா திருப்பிய அன்ரெனா

மூன்று வருடங்களுக்கு முன், ரொறன்ரோவில் ஒரு பனிக்காலத்தில் நடந்தது இது. நாங்கள் ரூஜ் பக்கம் புதுவீடு வாங்கிக் குடிவந்த முதல் வருடம். அப்பா எங்களோடுதான் இருக்கிறார் என்று எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மையில் எங்களோடு இருந்தது அவருடைய உடுப்புகளும் சாமிப் படங்களும்தான். அப்பா வோபர்னில் என் தங்கச்சி வீட்டில் இருந்தார்.

முதலில் சனி ஞாயிறுக்கு மட்டும் போய்வந்தார். பேரப்பிள்ளைகளைப் பார்க்க ஆசையாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். பிறகு வெள்ளிக்கிழமையே கிளம்பத் தொடங்கினார். கொஞ்ச நாளில் வியாழனும் சேர்ந்துகொண்டது. ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் தேநீரைக் குடித்துவிட்டு, தொப்பியையும் கையுறையையும் மாட்டிக்கொண்டு, பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டாரே, அன்றைக்குத்தான் எனக்கு வயிறு பற்றிக்கொண்டது.

ஏன் என்று சொல்கிறேன். அம்மா போன பிறகு ஊரில் தனியாக இருந்த அப்பாவை இங்கே கூப்பிட்டது நான். விசாவுக்காகக் கந்தோர் கந்தோராக அலைந்ததும் நானும் என் கணவரும்தான். வீடு பார்க்கும்போதே, அப்பா படி ஏறக்கூடாது என்று கீழே ஒரு அறை இருக்கிற வீடாகத் தேடி வாங்கினோம். அறையோடு சேர்ந்த குளியலறை, காலை நீட்டிச் சாய்ந்து படுக்கிற கதிரை, சுவரை அடைத்த மாதிரி ஒரு தொலைக்காட்சி. கேபிள் ஒரு பக்கம், தமிழ் அலைவரிசைகள் வரும் பெட்டி இன்னொரு பக்கம். எங்கள் மகன் படிக்க வேறு நகரத்துக்குப் போய்விட்டதால் வீட்டில் சத்தம் சந்தடியும் இல்லை. வேறு என்ன வேண்டும் ஒரு மனிதருக்கு?

தங்கச்சி இருந்தது ஒரு பழைய மாடிக் கட்டடத்தில், உச்சித் தளத்துக்குக் கிட்ட. வாடகை வீடு. அவளும் புருஷனும் இரண்டு பெண்பிள்ளைகளும் இரண்டு அறைக்குள் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தார்கள். லிஃப்ட் தன் விருப்பத்துக்கு வேலை செய்யும். அப்பாவுக்கு அங்கே அறை கிடையாது. இரவில் சோபாவை இழுத்து விரித்துத்தான் படுப்பார். அந்தச் சோபாவில் நான் அரை மணித்தியாலம் இருந்தாலே எனக்கு இடுப்பு பிடித்துவிடும். அதில் படுத்தெழும்பி வந்து அப்பா உற்சாகமாகச் சிரிப்பதைப் பார்க்க எனக்கு எப்படி இருந்திருக்கும்?

காரணம் ஒரு தொலைபேசி அழைப்பில் தெரிய வந்தது. நான் வேலையில் இருக்கும்போது அப்பா அங்கிருந்து அழைத்தார். ஏதோ அவசரம் என்று பயந்துபோய் எடுத்தேன்.

"பிள்ளை, பஃபலோவிலை காரெல்லாம் பனிக்குள்ளை புதைஞ்சு போச்சுது. எங்கடை பாடு எவ்வளவோ பரவாயில்லை."

அமெரிக்காவில் இருக்கிற பஃபலோவின் பனி இவருக்கு எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. தங்கச்சியிடம் கேட்டேன். கேபிளை வெட்டிவிட்டோம், ஒரு சின்ன அன்ரெனா வாங்கி வைத்தோம், காற்றில் வருகிறதெல்லாம் இலவசமாக வருகிறது, ஏரிக்கு அந்தப் பக்கத்து அமெரிக்க அலைவரிசைகள்கூடக் கண்ணாடி போலத் தெரிகின்றன என்றாள். அப்பாவுக்கு ஒரே புளுகம், சந்தோசம் தாங்கவில்லை என்றும் சொன்னாள்.

அதன் பிறகு அப்பாவின் வாயில் வேறு பேச்சே இல்லை. கோயிலில் யாரைக் கண்டாலும் சின்னவள் வீட்டுப் படத்தைப் பற்றித்தான் கதை. ஐஸ் ஹொக்கி விளையாடுகிறவனின் வியர்வைகூடத் தெரிகிறதாம். சாமான்களுக்கு விலை சொல்லிப் பரிசு வாங்குகிற ஒரு அமெரிக்கப் போட்டியாம், இங்கிலீஷ் விளங்காவிட்டாலும் யார் வெல்வார்கள் என்று அப்பா முன்கூட்டியே சொல்லிவிடுவாராம். பக்கத்தில் நின்ற என்னைக் காட்டி, மூத்தவள் பெரிய வீடு வாங்கியிருக்கிறாள் என்று ஒரு வார்த்தை சொல்லுவார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. மாதாமாதம் கேபிளுக்குக் கட்டுகிறவள் நான். பெயர் வாங்குகிறது ஒரு இலவச அன்ரெனா.

இதோடு நின்றிருந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருப்பேன். தைப்பொங்கல் முடிந்த கையோடு தங்கச்சி தொலைபேசியில் அழைத்தாள். குரலிலேயே ஏதோ தயக்கம்.

"அக்கா, கோவிக்காதை. அப்பா இஞ்சையே ஒரேயடியா இருக்கட்டோ எண்டு கேக்கிறார். உன்னட்டைச் சொல்லப் பயப்பிடுறார்."

இங்கே அவருக்கு என்ன குறை என்று கேட்டேன். குறையென்று ஒன்றும் சொல்லவில்லை என்றாள். குறை சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். குறையே இல்லாத வீட்டை விட்டுப் போகிறார் என்றால் நான் யாரிடம் போய் என்ன சொல்வது? நாளைக்கு சனம் கேட்கும், ஏன் அப்பாவைத் தங்கச்சியிடம் விட்டுவிட்டாய் என்று. சனத்தை விடுங்கள். அந்த அறையில் அவருடைய கட்டிலை வெறுமையாகப் பார்த்துக்கொண்டு நான் எப்படி இருப்பது? பனி கரையும்வரை பொறு, பிறகு பார்ப்போம் என்று தங்கச்சியிடம் தவணை வாங்கினேன்.

எனக்கு அப்போது ஒரே யோசனைதான். தங்கச்சி வீட்டில் இருப்பதும் எங்கள் வீட்டில் இல்லாததும் அந்த அன்ரெனா ஒன்றுதான். அதுவும் வந்துவிட்டால் அப்பா ஏன் போகப் போகிறார்?

அடுத்த நாளே கடைக்குப் போய், யன்னலில் ஒட்டுகிற தட்டையான அன்ரெனா ஒன்று வாங்கிவந்தேன். அவளிடம் இருந்ததைவிட விலை கூடினது. யன்னல் யன்னலாக ஒட்டிப் பார்த்தேன். இரண்டே இரண்டு அலைவரிசைகள் வந்தன. அவையும் கட்டங் கட்டமாக உடைந்து நின்றன. என் கணவர் சோபாவில் இருந்துகொண்டு, இவ்வளவு பெரிய வீட்டுக்குள் சிக்னல் வழி தவறிவிட்டதாக்கும் என்று பகிடி விட்டார். அன்றைக்கு அவருக்கு இரவுச் சாப்பாட்டை நானாகப் போட்டுக் கொடுக்கவில்லை.

அன்ரெனா பூட்டுகிற தமிழர் ஒருவரை அஜின்கோர்ட்டிலிருந்து வரவழைத்தோம். புதுவீடுகளின் யன்னல் கண்ணாடிக்குக் குளிர் தாங்க ஒரு உலோகப் பூச்சு பூசியிருப்பார்கள், அது சிக்னலையும் தடுத்துவிடும் என்றார். ஆசை ஆசையாகப் பார்த்து வாங்கிய யன்னல்கள். அதே சிக்னல் தங்கச்சியின் பழைய கண்ணாடிக்குள்ளால் தாராளமாகப் போய் வருகிறது. எனக்கு வந்த ஆத்திரத்தில் கண்ணாடியை உடைக்கலாம் போல இருந்தது.

கடைசியில் கூரையில் ஒன்றல்ல, இரண்டு அன்ரெனாக்கள் ஏறின. ஒன்று நகரத்து ஒளிபரப்புக் கோபுரத்தைப் பார்த்தபடி, மற்றது ஏரிப் பக்கம் பஃபலோவைப் பார்த்தபடி. இரண்டையும் சேர்த்து ஒரே வயரில் கீழே இறக்கினார். அசைக்கவோ திருப்பவோ தேவையில்லை, பட்டனை அமத்தினால் எல்லாம் வரும் என்றார். வந்தது. தங்கச்சி வீட்டுத் தொலைக்காட்சியைவிட இரண்டு மடங்கு பெரிய திரையில், துளி உடைசல் இல்லாமல் வந்தது. அன்று இரவு நான் நிம்மதியாக நித்திரை கொண்டேன்.

அப்பாவைக் கூட்டிவந்து கதிரையில் இருத்தி, ரிமோட்டைக் கையில் கொடுத்தேன். ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தார்.

"நல்ல கிளியர்," என்றார். பிறகு, "திருப்பத் தேவையில்லையோ?" என்று கேட்டார்.

"ஒண்டும் தேவையில்லை அப்பா. நீங்கள் சும்மா இருந்து பாத்தாப் போதும்," என்றேன். எவ்வளவு பெருமையாகச் சொன்னேன் என்பது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

தலையை ஆட்டினார். கொஞ்ச நேரத்தில் நான் தேநீரோடு வந்தபோது, பஃபலோவில் பனி கொட்டிக்கொண்டிருந்தது. அப்பா வாயைத் திறந்தபடி நித்திரை. அடுத்த நாள் காலையில் தொப்பியும் கையுறையும் வெளியே வந்துவிட்டன.

இந்தமுறை பஸ் வேண்டாம், நானே கொண்டுபோய் விடுகிறேன் என்றேன். அந்த வீட்டில் அப்படி என்னதான் இருக்கிறது என்று என் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்ற வெறி.

போய் இருந்து பார்த்தேன். தங்கச்சி வீட்டு பல்கனிக் கதவடியில் ஒரு பிளாஸ்ரிக் முக்காலி. அதன்மேல் அன்ரெனா. பக்கத்தில் இன்னொரு முக்காலி. அப்பா மேலங்கியைக் கழற்றியதும் சோபாவைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேரே போய் அந்த முக்காலியில் அமர்ந்துகொண்டார். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தால் வந்ததும் கூத்துத் தொடங்கியது. ஒருத்திக்கு இங்கத்தைய அலைவரிசை வேண்டும். அப்பா அன்ரெனாவைக் கோபுரப் பக்கம் திருப்பினார். மற்றவளுக்கு அமெரிக்க அலைவரிசை வேண்டும். ஏரிப் பக்கம் திருப்பினார். படம் கட்டம் கட்டமாக உடைந்தது. 'கொஞ்சம் லெஃப்ட் அம்மப்பா, இல்லை இல்லை, ரைட்' என்று இரண்டு பேரும் கத்தினார்கள். தங்கச்சியின் புருஷன் எழும்பி உதவிக்குப் போனார். இருந்த படமும் போய்விட்டது. எல்லோரும் அவரை ஏசி இருத்திவிட்டு மறுபடி அப்பாவைக் கூப்பிட்டார்கள். அப்பா இரண்டு விரலால் ஒரு மயிரிழை அசைத்தார். படம் பளிச்சென்று நின்றது. பிள்ளைகள் கைதட்டினார்கள். குசினிக்குள் சமைத்துக்கொண்டிருந்த தங்கச்சி, "அப்பா, உதிலையே இருங்கோ, அசையாதேங்கோ," என்று குரல் கொடுத்தாள்.

அப்பா அசையவில்லை. அன்ரெனாவில் ஒரு கையை வைத்தபடி என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"ஊரிலை அன்ரெனாவைத் திருப்பிக் கடலுக்கு அங்காலை இந்தியாவைப் பிடிச்சம். இஞ்சை ஏரிக்கு அங்காலை அமெரிக்கா. நான் எங்கை போனாலும் மற்றவன்ரை நாட்டைத்தான் பாக்கிறன் பிள்ளை."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உள்ளுக்குள் எரிந்தது. தங்கச்சி ஒன்றும் திட்டம் போட்டுச் செய்யவில்லை. ஒழுங்காக வேலை செய்யாத ஒரு மலிவுச் சாமானை வாங்கிவைத்தாள், அவ்வளவுதான். அப்பா எழும்பிப் போனால் அந்த வீட்டில் படம் நின்றுவிடும். எங்கள் வீட்டில் அப்பா எழும்பிப் போனாலும் எல்லாம் ஓடிக்கொண்டே இருக்கும். அதைக் கூலி கொடுத்து ஆள் பிடித்துச் செய்வித்தது நான்தான்.

திரும்பி வரும்போது மார்க்கம் வீதி முழுக்க யோசித்துக்கொண்டே வந்தேன். தங்கச்சிக்குத் தானாகக் கிடைத்ததை நான் களவாகவாவது எடுத்துக்கொள்ள வேண்டும் என்று முடிவு செய்தேன். வீட்டுக்கு வந்து மேலங்கியைக்கூடக் கழற்றாமல் தொலைக்காட்சிக்குப் பின்னால் கையை விட்டு, அன்ரெனா வயரை மெல்லத் திருகிக் கழற்றினேன். திரை வெறுமையாகியது. அப்பாவுக்குத் தொலைபேசி எடுத்து, ரீவி வேலை செய்யவில்லை, இவருக்கும் ஒன்றும் பிடிபடவில்லை, நீங்கள்தான் வந்து பார்க்கவேண்டும் என்றேன். பக்கத்தில் இருந்த என் கணவர் எப்போது எனக்குப் பிடிபடவில்லை என்று கேட்க வாயெடுத்தார். முறைத்தேன். பேப்பருக்குள் முகத்தை வைத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அப்பா வந்தார். முதலில் சுவிட்சைப் பார்த்தார், பிறகு ரிமோட்டைப் பார்த்தார். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தொலைக்காட்சிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவசரத்தில் கழற்றிய வயரை நான் ஒளித்துவைக்கவே இல்லை. அதன் முனை அவருடைய மூக்குக்கு நேரே, பூட்டவேண்டிய இடத்துக்குச் சாண் தூரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. கண் தெரியாதவர்கூடத் தடவிக் கண்டுபிடித்துவிடுவார்.

அப்பா அந்த வயரைப் பார்த்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். மறுபடி வயரைப் பார்த்தார். பிறகு ஆற அமரக் கண்ணாடியைக் கழற்றி, சேர்ட் நுனியால் துடைத்தார்.

"உது லேசிலை பிடிபடாது பிள்ளை. ரெண்டு மூண்டு நாள் நிண்டுதான் பாக்கவேணும்," என்றார்.

டோர்ச் லைற்றைக் கொண்டுவந்து பிடிக்கச் சொன்னார். பிடித்தேன். ஸ்குறூ டிரைவர் கேட்டார். ஸ்குறூவே இல்லாத அந்த இடத்தில் எதற்கு என்று நான் கேட்கவில்லை. இரண்டு பேரும் நிலத்தில் இருந்துகொண்டு, பழுதே இல்லாத ஒன்றைப் பின்னேரம் முழுக்கத் திருத்தினோம். இடையில் அப்பா பசிக்கிறது என்றார். ரொட்டி சுட்டுக் கொண்டுவந்தேன். எங்கள் வீட்டில் அவர் வாய்விட்டுக் கேட்டுச் சாப்பிட்டது அதுதான் முதல் தடவை. படம் செவ்வாய்க்கிழமைதான் வந்தது.

அப்பா இப்போது பாதி நாள் அங்கே, பாதி நாள் இங்கே. ஒரேயடியாகப் போகிற கதையை அதன் பிறகு யாரும் எடுக்கவில்லை. செவ்வாய்க்கிழமைகளில் தொப்பியும் கையுறையும் வெளியே வரும்போது எனக்கு இன்றைக்கும் பொறாமையாகத்தான் இருக்கிறது. அது போகும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆனாலும் கண்ணுக்கு முன்னால் தொங்கிய வயரைக் காணாதவர் போல அப்பா கண்ணாடியைத் துடைத்த அந்த நிமிடத்தை நினைக்கும்போதெல்லாம், தங்கச்சிக்கு அவர் ஒருநாளும் இப்படியொரு பொய் சொல்லியிருக்க மாட்டார் என்று மனதுக்குள் ஒரு பெருமை வந்து நிற்கிறது.