அடுப்பில் வைத்த கடற்கல்

எங்கள் வீட்டுக்குள் நஞ்சு இருந்தது. ஒரு வருடத்துக்கு மேலாக அதற்கு நீல விளக்குப் போட்டு, தண்ணீர் மாற்றி, வந்தவர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினோம். பிள்ளைகள் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு அதைப் பார்த்தார்கள்.

கடல்நீர்த் தொட்டி ஆசை எனக்குத் தோஹாவில் பிடித்தது. அங்கே ஒரு பல் டொக்டரின் காத்திருப்பு அறையில், சுவர் அகலத்துக்கு ஒரு கண்ணாடித் தொட்டி இருந்தது. உள்ளே கற்களும், காற்றில் அசைவதுபோல் அசையும் பவள உயிர்களும், செம்மஞ்சள் மீன்களும். பல்வலியை மறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கடற்கரை ஊரில் பிறந்து வளர்ந்தவள் நான். கடலுக்குள் இப்படி ஒரு நிறம் இருப்பது எனக்கு அதுவரை தெரியாது.

கணவருக்கு அங்கே ஏசி வேலை. அவர் வேலையை விட்டு ஊரோடு வந்து கல்முனையில் ஏசி திருத்தும் கடை போட்டபோது, எனக்கு ஒரு தொட்டி வேண்டும் என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. எங்கள் பக்கத்து வெயிலில் தொட்டித் தண்ணீர் மத்தியானத்தில் சூடாகிவிடும், பவள உயிர்கள் அதைத் தாங்காது என்று படித்துத் தெரிந்துகொண்டு, கடையில் கிடந்த பழைய சாமான்களை வைத்துத் தண்ணீரைக் குளிராக்கும் பெட்டி ஒன்றைத் தானே செய்தார். கரண்ட் போனாலும் தண்ணீர் ஓட வேண்டும் என்று பற்றரியும் பூட்டினார். கரைத் தண்ணீர் கலங்கல் என்பதால், தெரிந்த படகுக்காரர்களிடம் கேன் கொடுத்துத் தூரத்துத் தண்ணீர் எடுப்பித்தோம். மீன்களை, கொழும்பில் கடல்மீன் விற்கும் ஒருவர் காற்றடைத்த பைகளில் போட்டுப் பஸ்ஸில் அனுப்பினார். எந்தச் சந்தேகம் வந்தாலும் நான் அவருக்குத்தான் போன் எடுப்பேன்.

எங்களோடு இருந்த என் தாய், உம்மாவுக்கு மட்டும் இது பிடிக்கவில்லை. ஹோலில் முதல் கேன் தண்ணீரை ஊற்றிய அன்று வாசலில் நின்று பார்த்துவிட்டு, "கடல் ஒருக்கா வீட்டுக்குள்ள வந்தது உங்களுக்குப் போதாதா?" என்று கேட்டார். சுனாமியில் உம்மா தன் தங்கையை இழந்தவர். அதன் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவுமில்லை, தொட்டிப் பக்கம் வரவுமில்லை.

அந்தக் கல் ஒலுவில் துறைமுகத்திலிருந்து வந்தது. கணவர் அங்கே ஒரு படகுச் சொந்தக்காரரின் ஐஸ் பெட்டியைத் திருத்திக் கொடுத்தார். அந்த மனிதர், வலையில் சிக்கி வந்த ஒரு கல்லை, உங்கள் வீட்டுத் தொட்டிக்கு வடிவாக இருக்கும் என்று வாளியில் போட்டுக் கொடுத்தனுப்பினார். கல்லின் மேல் சட்டைப் பொத்தான் அளவில், மண்ணிறமும் பச்சையுமாக, ஓரத்தில் மயிர்போலத் தும்பு வைத்த சின்னச் சின்ன உயிர்கள் நெருக்கமாக ஒட்டியிருந்தன. தொட்டால் சுருங்கும். நீல விளக்கின் கீழ் பச்சையாக ஒளிரும். மகள் அதற்குப் பொத்தான் பூ என்று பெயர் வைத்தாள்.

பொத்தான் பூ பரவியது. பக்கத்துக் கல்லுக்கு ஏறியது, விலை கொடுத்து வாங்கிய பவள உயிர்களை மூடி நெருக்கத் தொடங்கியது. கல்லை வெளியே எடுத்தால்தான் மற்றவை பிழைக்கும் என்று கொழும்புக்காரர் போனில் சொன்னார்; எடுத்து என்ன செய்வது என்று நான் கேட்கவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை காலை கணவர் ஒரு யோசனை சொன்னார். கல்லை வீசத் தேவையில்லை, சுடுதண்ணீரில் அவித்து எடுத்தால் மேலே உள்ளதெல்லாம் செத்துவிடும், தேய்த்துக் கழுவித் திரும்பவும் போடலாம். எனக்கும் அது சரியென்றே பட்டது. நாங்கள் எதைத்தான் சுடுதண்ணீரால் சுத்தம் செய்யவில்லை?

குசினியில் பெரிய சட்டியை அடுப்பில் வைத்தோம். தண்ணீர் கொதித்ததும் அவர் கல்லை உள்ளே இறக்கினார். முதலில் கடல் வாடை வந்தது. பிறகு மயிர் கருகுவதுபோல் ஒரு நாற்றம். மூடியால் பாதி மூடினேன். அவர் கல்லை இடுக்கியால் பிடித்துக்கொண்டு, ஆவிக்கு நேரே குனிந்து, கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்தார். நான் பக்கத்தில் நின்று கறிக்கு மீன் கழுவினேன். உம்மா குசினி வாசலில் கதிரை போட்டு வெங்காயம் உரித்தார். மகள் இடையிடையே வந்து மூக்கைப் பொத்திக்கொண்டு எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். கல்லில் இன்னும் கொஞ்சம் ஒட்டியிருந்தது. ஜும்ஆத் தொழுகைக்கு நேரமாகிவிட்டதால் அடுப்பை அணைத்து, கல்லைச் சட்டியோடு அப்படியே மூடி வைத்துவிட்டு அவர் குளிக்கப் போனார்.

சோறு ஆக்கி முடிக்கும்போது என் வாயில் ஒரு கசப்பு. பழைய செப்புக் காசை நாக்கில் வைத்ததுபோல. கறியை ருசி பார்த்தேன், கறியும் அப்படியே இருந்தது. உப்பில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்தேன். உம்மாவுக்கு இருமல் தொடங்கியது. வெங்காயக் காரம் என்றார். அப்போதுதான் மகள் குசினி ஜன்னலோரம் தொங்கிய கூட்டுக்குக் கீழே நின்று என்னைக் கூப்பிட்டாள்.

"உம்மா, கிளி ரெண்டும் கீழ விழுந்து கிடக்கு. அசையுதில்ல."

அவள் ஆசையாக வளர்த்த லவ்பேர்ட்ஸ். இரண்டும் கூட்டின் அடித்தட்டில் பக்கம் பக்கமாகக் கிடந்தன. கையில் எடுத்தேன், இன்னும் சூடு இருந்தது. என்ன நடந்தது என்று யோசிக்க நேரம் கிடைக்கவில்லை. வாசலில் மோட்டார் சைக்கிள் சத்தம். பள்ளிவாசலில் கணவரால் தொழுகையை முடிக்க முடியவில்லையாம். நடுக்கம் எடுத்து அப்படியே உட்கார்ந்துவிட்டாராம். இரண்டு பேர் நடுவில் வைத்துக் கொண்டுவந்து இறக்கினார்கள். அவருடைய உதடு நீலம் பாய்ந்திருந்தது. மூச்சு எடுக்கும்போது நெஞ்சுக்குள் விசில் ஊதுவதுபோல் சத்தம். காலையில் என்னோடு சிரித்துக் கதைத்த மனிதர்.

ஓட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே எனக்கும் குளிர் தொடங்கிவிட்டது. மகளுக்கு நெற்றி கொதித்தது. ஒரே வீட்டிலிருந்து நாலு பேர் ஒன்றாக வந்து விழுந்ததைப் பார்த்து, வெளிநோயாளர் பிரிவில் இருந்த இளம் டொக்டர் எழுந்து நின்றுவிட்டார். என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டார். பகல் சாப்பாட்டில் யாரும் இன்னும் கை வைக்கவில்லை. காஸ் கசிந்ததா என்று கேட்டார். தெரியாது என்றேன். யாரையாவது அனுப்பி வீட்டுக் கதவு ஜன்னல்களைத் திறக்கச் சொல்லுங்கள் என்றார். என் மூத்த சகோதரி, ராத்தாவுக்குச் சொன்னேன். அதற்கும், எங்களுக்கு உடுப்பு எடுத்து வரவும் அவர் வீட்டுக்குப் போனார்.

கணவருக்கு ஒட்சிசன் வைத்தார்கள். அவருடைய கட்டிலருகே போட்ட கதிரையில், எனக்கும் கையில் ஊசி ஏறிக்கொண்டிருக்க, தொட்டியின் ஞாபகம் வந்தது. அன்றைக்குத் தண்ணீர் மாற்ற வேண்டிய நாள். ஒரு நாள் தவறினால் பரவாயில்லையா என்று கொழும்புக்காரருக்கு ஒரு செய்தி அனுப்பினேன். நாங்கள் எல்லோரும் ஆஸ்பத்திரியில், வாயெல்லாம் செம்பு மாதிரிக் கசக்கிறது என்றும் எழுதினேன். அனுப்பிய கையோடு அவரிடமிருந்து போன் வந்தது. என்னையும் அவர் ராத்தா என்றுதான் கூப்பிடுவார்.

"ராத்தா, நீங்க சொன்ன அந்தப் பொத்தான் கல்ல என்ன செஞ்சீங்க?"

"வெளிய எடுத்து அவிச்சம். சுடுதண்ணில."

 

"டொக்டர்க்கிட்ட போனைக் குடுங்க" என்றார். "இப்பவே குடுங்க, ராத்தா."

டொக்டர் போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றார். முதலில் நம்பாத முகம். பிறகு ஏதோ சொல்லை எழுத்துக்கு எழுத்துக் கேட்டு, தன்னுடைய போனில் தேடினார். வாசித்துக்கொண்டே போனவர் ஓரிடத்தில் நிறுத்தி, கட்டிலில் கிடந்த என் கணவரைப் பார்த்தார். என்னிடம் வந்து மெதுவாகச் சொன்னார். அந்தப் பொத்தான் உயிர்களில் சில வகையின் சளிக்குள் நஞ்சு இருக்கிறது. உலகத்தில் உள்ள மிகக் கடுமையான நஞ்சுகளில் ஒன்று. கொதிக்கவைத்தால் அது அழியாது, ஆவியோடு கிளம்பி மூச்சுக்குள் போகும்.

"அதுக்கு மருந்து?" என்று கேட்டேன்.

"முறிக்கிற மருந்து இல்ல. மூச்சை நிப்பாட்ட விடாமப் பாக்கிறதுதான்."

சொன்னது காதில் விழுந்தது, உள்ளே போகவில்லை. அந்தத் தொட்டிக்குள் முழங்கைவரை எத்தனை தடவை கை விட்டிருப்பேன்? மீன் முள் குத்திய விரலோடு விட்டிருக்கிறேன். மீன்தொட்டியில் ஊறிய பிரஷ்ஷை, அரிசி களையும் குசினித் தொட்டியில் வைத்துக் கழுவியிருக்கிறேன்.

அரிசி களையும் இடம் நினைவுக்கு வந்ததும்தான் குசினி நினைவுக்கு வந்தது. சட்டியும் கல்லும் தண்ணீரும் இன்னும் அடுப்பின் மேல். ராத்தா அங்கே. ஒரு வீடு அலங்கோலமாகக் கிடந்தால் பார்த்துக்கொண்டு நிற்க ராத்தாவால் முடியாது. போன் எடுத்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது. திரும்ப எடுத்தேன். இடையில் வேறு யாருக்கோ எடுத்துவிட்டேன். கடைசியில் எடுத்தார், பின்னால் தண்ணீர் ஓடும் சத்தம்.

"குசினியைக் கழுவிப் போட்டு வாறன். இஞ்ச பெரிய சட்டில ஒரு கல்லுக் கிடக்கு, என்ன நாத்தம் இது? கொட்டிப் போட்டு மறுகா..."

"தொடாதீங்க" என்றேன். "ஒண்டையும் தொடாதீங்க ராத்தா. அப்படியே வெளிய போங்க."

ஏன் என்று கேட்டார். எனக்குச் சொல்ல வரவில்லை. அழத் தொடங்கிவிட்டேன். அந்த அழுகைதான் அவரை வெளியே அனுப்பியது. மூடியைத் திறந்து பார்த்தது மட்டும்தான் அவர் செய்தது. செருப்பும் போடாமல், முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டு, சூடான கொங்கிரீட் ரோட்டில் நின்று, எங்கள் வீட்டுக்குள் யாரும் போகக் கூடாது என்று வழியில் வந்தவர்களையெல்லாம் தடுத்துக்கொண்டு நின்றாராம். அவருக்கு அன்று இரவு இருமல் மட்டும் வந்து போனது.

உம்மாவும் மகளும் சீக்கிரம் தேறினார்கள். எனக்குக் கசப்பு பல நாள் இருந்தது. கணவருக்குத்தான் கடுமை. ஒரு கட்டத்தில் மட்டக்களப்புப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்புவதா என்று டொக்டர்கள் தங்களுக்குள் கதைத்தார்கள். அந்த நேரத்தில் நான் சுவரில் சாய்ந்து நின்றது மட்டும் நினைவிருக்கிறது, என்ன ஓதினேன் என்பது நினைவில்லை. அனுப்ப வேண்டி வரவில்லை. மூச்சுத் திணறல் மெல்ல மெல்லக் குறைந்தது. ஒட்சிசன் முகமூடியைக் கழற்றியதும் அவர் என்னைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி, மீன்களுக்கு யார் சாப்பாடு போட்டது என்பது. எனக்குக் கோபம் வந்தது. சிரிப்பும் வந்தது. யாரும் போடவில்லை என்றேன்.

வீட்டை நானேதான் சுத்தம் செய்தேன். கொழும்புக்காரர் வீடியோ அழைப்பில் ஒவ்வொன்றாகச் சொன்னார். முகமூடி, கண்ணாடி, நீளக் கையுறை. எதையும் காயவிடக் கூடாது, சுரண்டக் கூடாது, சுடவைக்கக் கூடாது. சட்டியில் கிடந்த கல்லையும், தொட்டியில் பூ ஏறிய மற்றக் கற்களையும் குளோரின் கலந்த தண்ணீரில் ஊறப்போட்டேன். பச்சையாக ஒளிர்ந்தவை வெளிறி, கரைந்து, வெறும் அழுக்காயின. சட்டியையும் பிரஷ்ஷையும் கட்டி எறிந்தோம். மீன்களில் பெரும்பாலானவை உயிரோடு இருந்தன. அவற்றைப் பஸ்ஸில் திருப்பி அனுப்பத்தான் நினைத்தேன். கணவர் வேண்டாம் என்றார். இப்போது தொட்டியில் வெறும் மணலும் மீன்களும்தான். கையுறை இல்லாமல் என்னால் அதற்குள் கை விட முடிவதில்லை. அவர் இன்னும் ஏணி ஏறினால் மூச்சு வாங்குகிறார், உயரத்து வேலைகளை மற்றவர்களுக்குக் கொடுத்துவிட்டார்.

உம்மா எதுவும் சொல்லவில்லை. நான் சொன்னேனே என்ற ஒரு சொல்லுக்காகத் தினமும் காத்திருந்தேன். அவர் சொல்லவேயில்லை. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

சில மாதம் கழித்து அந்த இளம் டொக்டர் ஒரு பின்னேரம் வீட்டுக்கு வந்தார். கணவரின் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்துப் பார்த்தார், தொட்டியைப் பார்த்தார். பிறகு, அந்தப் பொத்தான் பூ எப்படி இருந்தது என்று ஒருவிதத் தயக்கத்தோடு கேட்டார். படம் ஏதும் இருக்கிறதா? போனில் தேடினேன். மகளின் பிறந்தநாளன்று எடுத்த படம் ஒன்று கிடைத்தது. கண்ணாடியில் கன்னத்தை ஒட்டிக்கொண்டு அவள் சிரிக்கிறாள். அவள் முகத்துக்கு அடுத்தாற்போல், கண்ணாடிக்கு அந்தப் பக்கம், கல் முழுக்கப் பச்சையாகப் பூத்திருக்கிறது.

டொக்டர் விரலால் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். "வடிவா இரிக்கு" என்றார். தேத்தண்ணீர்க் கோப்பை அவர் கையில் அப்படியே இருந்தது. மற்ற டொக்டர்களுக்குக் காட்ட அந்தப் படத்தைத் தர முடியுமா என்று கேட்டார்.

அவர் போன பிறகு மகளின் முகத்தை வெட்டி நீக்கிவிட்டு, கல்லை மட்டும் அனுப்பினேன்.