ஜனவரி ஒன்றாம் தேதிப் பிள்ளைகள்

பள்ளிக்கூடத்தில் அவனை எல்லோரும் ரிஜிஸ்டர் மாமா என்றுதான் கூப்பிடுவார்கள். ஆறாவதில் புதிதாகச் சேர்ந்த பிள்ளையிலிருந்து அரபு சொல்லிக்கொடுக்கும் ஹஸ்ரத் வரைக்கும் அதே பேர். எனக்கு அவன் சின்னம்மா மகன், ஒன்பது வயது இளையவன். அவன் பிறந்தபோது வெந்நீர் தூக்கியவள் நான். அவன் தங்கச்சி பிறந்தபோதும், அந்தத் தங்கச்சிக்கு மகள் பிறந்தபோதும் எனக்கு அதே வேலைதான். எங்கள் குடும்பத்தில் யார் எப்போது பிறந்தார்கள், யார் யாரைக் கட்டினார்கள், யார் எந்தக் காய்ச்சலில் போனார்கள் என்பதையெல்லாம் என்னிடம்தான் கேட்பார்கள். எழுதி வைக்கிற பழக்கம் எங்களில் ஒருவருக்கும் கிடையாது. அவன் ஒருத்தன்தான் எழுதுகிற வேலைக்குப் போனான்.

அந்தப் பள்ளி மாணவ மாணவிகள் படிக்கும் இஸ்லாமிய உயர்நிலைப் பள்ளி. இப்போது மூன்று மாடி. அவனை முதல்முதலாக அங்கே கூட்டிப்போனபோது தகரக் கூரை போட்ட இரண்டே அறை. வாப்பாவின் விரலைப் பிடித்துக்கொண்டு, முகமெல்லாம் பவுடர் அப்பிப் போனான். அப்போதிருந்த எழுத்தர் விரல்விட்டு எண்ணிப் பார்த்து, "ஆறாவதுக்குப் பதினொன்று முடிஞ்சிருக்கணும். இவனுக்கு நாற்பது நாள் குறையுது. அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்று அனுப்பிவிட்டார். அந்த அடுத்த வருஷம் வரவேயில்லை. வீட்டில் சும்மா இருப்பானேன் என்று பஞ்சர் கடையில் விட்டார்கள். பிறகு வாப்பாவுக்கு நெஞ்சு வலி. நாலு வருஷம் டயரை உருட்டிவிட்டு, மீசை அரும்பிய பிறகு ஆறாவதில் போய் உட்கார்ந்தான். கூடப் படித்த பொடிசுகள் அவனைத் தாத்தா என்று கூப்பிடுமாம். பத்தாவதை இரண்டாவது தடவையில் தாண்டினான். கையெழுத்து அச்சடித்தாற்போல் இருக்கும் என்பதால் அந்தப் பள்ளியிலேயே எழுத்தர் வேலை கொடுத்தார்கள்.

"நாப்பது நாள்ல நாலு வருஷம் போச்சு அக்கா" என்று என்னிடம் அடிக்கடி சொல்வான். சிரித்துக்கொண்டுதான் சொல்வான்.

மாடிப்படிக்குக் கீழே அவன் அறை. ஒரு இரும்பு பீரோ, ஒரு மேசை, காய்ந்துபோன ஸ்டாம்ப் பேடு. ஜன்னல் வழியாகப் பார்த்தால் பிள்ளைகள் தொழுகைக்கு முன்னால் கைகால் கழுவும் குழாய் வரிசை தெரியும். வாசலில் ஒரு கரும்பலகை. 'நம் மாணவர் சாதனைகள்' என்று தலைப்பு. குர்ஆன் ஓதும் கிராஅத் போட்டியில் யார் ஜெயித்தார்கள், அறிவியல் கண்காட்சிக்கு யார் போனார்கள், எல்லாம் அவன் கையால் கலர் சாக்பீஸில் எழுதுவான்.

பீரோவுக்குள் இருந்ததுதான் ரிஜிஸ்டர். சிவப்புத் துணி அட்டை போட்ட பெரிய நோட்டு. அந்தக் காலத்தில் பிறப்புச் சான்றிதழ் யார் கேட்டார்கள்? பெற்றவள் சொன்னதுதான் தேதி.

"புள்ள எப்பப் பொறந்துச்சு?"

"இவ சித்தப்பா சண்டை போட்டுட்டு வீட்டைவிட்டுப் போனாரே, அந்த மாசம் மாமா."

"உங்க வீட்டுச் சண்டையெல்லாம் நான் குறிச்சு வச்சிருக்கேனா? நோன்புக்கு முன்னாடியா பின்னாடியா, அதைச் சொல்லுங்க."

இப்படிக் கேட்டுக் கேட்டு ஒரு தேதிக்கு வருவான். வயது போதுமென்றால் அதை எழுதுவான். போதவில்லை என்றால் பேனாவை ஒரு நிமிஷம் உதட்டில் வைத்துக்கொண்டு, ஜனவரி ஒன்று என்று எழுதிவிடுவான். பள்ளி ஜனவரியில் திறக்கும். அந்த மாதம் முதல் தேதிக்குப் பதினொன்று முடிந்திருக்க வேண்டும் என்பது விதி. அதே தேதியில் பிறந்ததாக எழுதினால் கச்சிதமாக முடிந்துவிடும்.

"பொய்தான் அக்கா. ஆனா ஒரு நாள்கூட அதிகமா வைக்கல" என்பான்.

தேதியை எண்ணாலும் எழுதி, பக்கத்தில் எழுத்தாலும் எழுதுவான். பின்னால் யாரும் கைவைத்துத் திருத்தக் கூடாது என்று அந்த வழக்கத்தைக் கொண்டுவந்ததும் அவன்தான்.

புதிதாக ஒரு தலைமையாசிரியர் வந்தார். நல்ல மனிதர், எதையும் முறையாகச் செய்ய நினைப்பவர். பள்ளி திறந்த முதல் நாள் காலைக் கூட்டத்தில், "இந்த வாரம் பிறந்தநாள் கண்ட பிள்ளைகள் மேடைக்கு வாங்க, எல்லாரும் சேர்ந்து துஆ செய்வோம்" என்று மைக்கில் சொல்லி, பட்டியலைக் கையில் எடுத்தார். ஒவ்வொரு பேராக வாசிக்க வாசிக்கப் பிள்ளைகள் ஏறிக்கொண்டே இருந்தார்கள். மேடை நிறைந்து படிக்கட்டும் நிறைந்தது. ஐம்பத்திரண்டு பேர்.

தண்ணீர் மோட்டார் போடுகிறவர் சத்தமாகவே கேட்டார்: "ஏன் மாமா, அன்னிக்கு ஊர் முழுக்க ஒரே மருத்துவச்சிதானா? பாவம், கை ஓய்ஞ்சிருக்கும்."

கூட்டமே சிரித்தது. தலைமையாசிரியரும் சிரித்தார். ஆனால் அன்று சாயங்காலம் அந்த ரிஜிஸ்டரை வாங்கி முதலிலிருந்து கடைசி வரை புரட்டிப் பார்த்துவிட்டு, அப்படியே திருப்பிக் கொடுத்தாராம். அந்த ஐம்பத்திரண்டில் ஒன்று இவன் தங்கச்சி மகள்.

தங்கச்சியின் வீட்டுக்காரர் கப்பல் வேலைக்கென்று போனவர். முதல் வருஷம் இரண்டு கடிதம், பிறகு ஒன்றுமில்லை. அவள் சட்டைக் கம்பெனியிலிருந்து கட்டுக் கட்டாக வாங்கிவந்து, வீட்டிலேயே மெஷின் போட்டு பட்டன் ஓட்டைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தாள். மகள் பிறந்தது அக்டோபர் பதினேழு, வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகை முடிந்து ஆண்கள் தெருவில் திரும்பிக்கொண்டிருந்த நேரம். ஆறாவதில் சேர்க்கக் கேட்டபோது பிள்ளைக்குப் பத்தே கால் வயதுகூட ஆகவில்லை.

"வயசு வரட்டுமே. ஒரு வருஷம் என்கூட உக்காந்து காஜா எடுக்கட்டும்" என்றாள் தங்கச்சி.

"எடுக்க ஆரம்பிச்சா அதுலயே நின்னுடுவா. எனக்குத் தெரியாதா?" என்று சொல்லிவிட்டு அவன் ஜனவரி ஒன்று என்று எழுதினான். நான் பக்கத்தில்தான் இருந்தேன். எனக்கும் அது நல்ல காரியமாகத்தான் பட்டது.

பிள்ளை கணக்கில் அப்படியொரு புலி. வகுப்பில் அவளுக்கு வாய்ப்பாடு என்றே பேர் வைத்துவிட்டார்கள். கணக்கு டீச்சர் கரும்பலகையில் கணக்கை எழுதி முடித்துத் திரும்புவதற்குள் இவள் விடையைச் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருப்பாளாம். ஒன்பதாவது படிக்கும்போது பள்ளிகளுக்கிடையே ஒரு கணக்குப் போட்டி வந்தது. ஒன்பதாவது வரை யாரும் எழுதலாம். மூன்று சுற்று. தலைநகரத்தில் நடக்கும் கடைசிச் சுற்றில் முதல் பத்துக்குள் வந்தால், பெரிய விடுதிப் பள்ளியில் இடம். கல்லூரி முடிகிற வரை சாப்பாடு, துணிமணி, புத்தகம் எல்லாம் அவர்கள் பொறுப்பு. எங்கள் ஊரில் பத்தாவதோடு சரி. மேலே படிக்க வெளியூர்தான் போக வேண்டும். தங்கச்சியால் அதை நினைத்துக்கூடப் பார்க்க முடியாது.

பள்ளிச் சுற்றில் இவள் முதல். எட்டாவது படிக்கிற பேக்கரிக்காரர் மகள் இரண்டாவது. மாவட்டச் சுற்றில் நாற்பத்தொரு பள்ளிக்கு நடுவில் இவளே முதல். அதுவரை எங்கள் பள்ளியிலிருந்து ஒருத்தரும் அந்தப் படியை மிதித்ததில்லை.

அன்றைக்கு அவன் கரும்பலகையை மூன்று தடவை தண்ணீர் விட்டுத் துடைத்தான். பேரை மஞ்சளில் எழுதி, பச்சையில் கரை கட்டி, மூலைக்கு ஒரு பூவும் போட்டான்.

"இது ஸ்கூல் போர்டா, உங்க வீட்டுக் கல்யாணப் பத்திரிகையா?" என்று மோட்டார்க்காரர் கேட்டார்.

"பத்திரிகைதான். நீங்க குடும்பத்தோட வந்துடணும்" என்றான் அவன்.

ஆண்டுவிழாவில் அவளுக்குக் கேடயம் கொடுத்தார்கள். தங்கச்சி அன்று மத்தியானமே மெஷினை மூடி வைத்துவிட்டு வந்து, கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். மகளைக் கூப்பிட்டபோது கை தட்டவில்லை. இரண்டு கையாலும் முந்தானையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

மாவட்டத்தில் ஜெயித்த பள்ளி ஒரு பிள்ளையை அனுப்பலாம் என்று அடுத்த வாரம் கடைசிச் சுற்றுக்கான படிவம் வந்தது. முதல் இரண்டு சுற்றுக்கும் வகுப்பை மட்டும் கேட்டிருந்தார்கள். இதில் பள்ளி ரிஜிஸ்டர்படி பிறந்த தேதி கேட்டிருந்தது. அவனே தன் கையால் பேரெழுதி, பள்ளிப் பேரெழுதி, தேதியும் எழுதிவிட்டான். எழுதி முடித்த பிறகுதான் கீழே பொடி எழுத்தில் இருந்ததைப் படித்தான். இந்த ஆண்டு ஜனவரி ஒன்றாம் தேதியன்று பதினான்கு வயது முடிந்திருக்கக் கூடாது. பத்து வயதிலேயே ஆறாவதில் சேர்க்கிற வேறு ஊர்ப் பள்ளிகளை நினைத்துப் போட்ட விதி.

நேராக என் வீட்டுக்கு வந்தான். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"அக்கா, புள்ள பொறந்த தேதியைச் சொல்லு."

சொன்னேன்.

"அப்ப அவளுக்குப் பதிமூணுதான ஆகுது?"

"பதிமூணுதான். பதினாலுக்கு இன்னும் எவ்வளவோ கிடக்கு."

"அதுக்கு எழுத்து ஏதாவது இருக்கா?"

"என் தலையில இருக்கு" என்றேன்.

சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டான். ரிஜிஸ்டர்படி அவளுக்கு அந்த ஜனவரி ஒன்றாம் தேதிதான் பதினாலு முடிந்தது. அந்த ஒரே நாளில் தட்டிப்போகிறது.

"ஒண்ணுக்குப் பக்கத்துல இன்னொரு ஒண்ணு போட்டுடேன், பதினொண்ணு ஆயிடுமே" என்றேன். படிக்காதவள் புத்தி அவ்வளவுதான்.

"பக்கத்துலயே எழுத்தாலும் எழுதியிருக்கேன் அக்கா" என்றான்.

இரண்டு பேரும் தலைமையாசிரியரைப் பார்க்கப் போனோம். பிள்ளை பிறந்த கதையை நான் சொன்னேன். அவர் கடைசி வரை குறுக்கே பேசாமல் கேட்டார்.

"நீங்க சொல்றதுதான் உண்மை. எனக்குத் தெரியும்" என்றார். "ஆனா ஒரு தேதி தப்புன்னு நாம எழுதிக் குடுத்தா, கல்வி ஆபீஸ்ல இருந்து வந்து முழு ரிஜிஸ்டரையும் பிரிப்பாங்க. ஜனவரி ஒண்ணுல பதினேழு பேர் இந்த வருஷம் பத்தாவது எழுதறாங்க. அவங்க ஹால் டிக்கெட் நின்னுடும்."

"நான் பொய் எழுதினேன்னு எழுதித் தர்றேன் சார். இந்த ஒரு புள்ளைக்கு மட்டும்தான் எழுதினேன்னு. என் வேலை போனாப் போகட்டும்."

"ஒரு புள்ளைக்கு மட்டும்னா அது யாரு? உங்க தங்கச்சி மகள். போட்டிக்காக இப்ப தேதியை மாத்தறீங்கன்னு சொல்ல மாட்டாங்களா?"

வெளியே மத்தியான லுஹர் தொழுகைக்குப் பிள்ளைகள் குழாயடியில் தள்ளுமுள்ளு நடத்திக்கொண்டிருந்தார்கள். அதில் பத்தாவதுப் பிள்ளைகளும் இருந்தார்கள். ஜன்னல் வழியாக வெகுநேரம் அவர்களையே பார்த்துக்கொண்டு நின்றவன், "வேற படிவம் ஒண்ணு குடுங்க சார்" என்றான். அதில் பேக்கரிக்காரர் மகளின் பேரை எழுதினான். கையெழுத்து எப்போதும்போல் அச்சடித்த மாதிரிதான் இருந்தது.

சாயங்காலம் தங்கச்சி வீட்டில் அதைச் சொன்னான். மெஷின் நின்றது. பிள்ளை சுவரோரம் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். பென்சிலைக் கீழே வைக்காமலேயே கேட்டாள்.

"சரியான தேதியைப் போட்டிருந்தா நான் எத்தனாவது படிச்சிருப்பேன் மாமா?"

"ஒரு வருஷம் கழிச்சுச் சேர்ந்திருப்பே. எட்டாவது."

"எட்டாவதுன்னா போட்டிக்குப் போகலாம்."

"போகலாம்."

"ரெண்டாம் தேதின்னு போட்டிருந்தா?"

"அன்னிக்கு ஆறாவதுல சேர்த்திருக்க முடியாதும்மா."

அவள் நோட்டின் ஓரத்தில் ஏதோ எழுதினாள், அடித்தாள். "ஆறாவதுக்கும் சேரணும், போட்டிக்கும் சேரணும்னா அப்படி ஒரு தேதியே இல்ல மாமா. இந்தக் கணக்குக்கு விடை கிடையாது" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

தங்கச்சிதான் பேசினாள். "நான் அன்னிக்கே சொன்னேன், ஒரு வருஷம் காஜா எடுக்கட்டும்னு. நீதான் கேக்கல. இப்ப அவ ஆயுசு முழுக்க எடுக்கட்டும்." சொல்லிவிட்டு மெஷினை மறுபடி ஓட்ட ஆரம்பித்தாள்.

மறுநாள் கரும்பலகையில் பூவும் கரையும் இல்லை. பேக்கரிக்காரர் மகளை வாழ்த்தி ஒரே வரி வெள்ளையில் இருந்தது.

அடுத்த ஜனவரியில், எங்கள் தெருவில் பாத்திரம் தேய்க்க வருகிற ஒருத்தி தன் மகளைச் சேர்க்கத் துணைக்கு வரச் சொன்னாள். "ரிஜிஸ்டர் மாமா உங்களுக்குத் தம்பிதானே, ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றாள். போனேன். அந்தப் பிள்ளை வாசலில் நின்று கரும்பலகையில் இருந்ததை எழுத்துக் கூட்டாமல் சரளமாகப் படித்துக்கொண்டிருந்தது.

அவன் தேதியைக் கேட்டான், விரல்விட்டு எண்ணினான். பேனாவை உதட்டில் வைத்தான்.

"இருபத்திமூணு நாள் குறையுது. அடுத்த வருஷம் கூட்டிட்டு வாங்க."

"ஏன் மாமா, எல்லாருக்கும் ஒரு தேதி போட்டீங்களே. என் புள்ளைக்கும் பார்த்துப் போடுங்க."

"உள்ள தேதியைத்தான் எழுதுவேன்."

"அடுத்த வருஷம் நான் எந்த ஊர்ல, எந்த வீட்ல தேய்ச்சுக்கிட்டிருப்பேனோ."

"தம்பி, இருபத்திமூணு நாள்தானடா" என்றேன். "உனக்கு நாப்பது நாள் குறைஞ்சதே, மறந்துட்டியா?"

என் முகத்தை நிமிர்ந்தே பார்க்கவில்லை. "மறக்கல அக்கா. ஒரு வருஷம் பொறுத்தா புள்ளைக்கு நல்லது" என்று சொல்லி ரிஜிஸ்டரை மூடினான். அவள் பிள்ளையைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். பிள்ளை போகும்போதும் தலையைத் திருப்பி அந்தப் பலகையைப் படித்துக்கொண்டே போனது.

அந்த வருஷக் கடைசியில் தங்கச்சி மகள் பத்தாவது முடித்தாள். கணக்கில் நூற்றுக்கு நூறு. சான்றிதழில் பிறந்த தேதி ஜனவரி ஒன்று. அம்மாவுக்கு எதிரே இரண்டாவது மெஷின் போட்டார்கள். துணியைப் பார்க்காமலே காஜா எடுப்பாள். மாமா வந்தால் எழுந்து தண்ணீர் கொடுப்பாள். கேட்டதற்குப் பதில் சொல்வாள். தானாக ஒரு வார்த்தை பேச மாட்டாள்.

மறு ஜனவரியில் சேர்க்கை நடந்த நாட்களில் ஒருநாள் நான் அவனுக்குச் சோறு கொண்டுபோனேன். ரிஜிஸ்டர் மேசைமேல் விரிந்து கிடந்தது. வரிசையாக நிரப்பியிருந்த பேர்களுக்கு நடுவில் ஒரு வரி மட்டும் வெறுமையாக இருந்தது.

"இது யாருக்குடா?"

"பாத்திரம் தேய்க்கிற அம்மா புள்ளைக்கு. வருதான்னு பாக்கறேன். நீ அவங்களைப் பார்த்தியா?"

"அவங்க ஊரைவிட்டுப் போயி பத்து மாசமாச்சு."

"எந்த ஊருக்கு?"

"யாருக்குத் தெரியும்."

சேர்க்கை முடிகிற நாள்வரை அந்த வரியை அப்படியே வைத்திருந்தானாம். கடைசி நாள் சாயங்காலம் ஸ்கேல் வைத்து அதன் குறுக்கே ஒரு கோடு போட்டு, ஓரத்தில் தன் கையெழுத்தையும் போட்டான். ரிஜிஸ்டரில் எந்த வரியையும் சும்மா விடக் கூடாது என்பது விதி.