மூச்சுக் காவல்

அந்தப் பூனை பிணத்தைத் தின்றது என்றுதான் எனக்கு முதலில் சொன்னார்கள்.

சொன்னவர் அதைக் காப்பகத்துக்குக் கொண்டுவந்த ஆட்டோக்காரர். பழைய கோழிக் கூண்டு ஒன்றைத் தரையில் வைத்துவிட்டு, ஏதோ தீட்டைத் தொட்டவர் போலக் கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டார். “பாத்து புடிங்கமா. செத்துப்போன பொம்பளய தின்ன பூனை இது. தெருவுல ஒருத்தரும் வெச்சிக்க மாட்டேன்னுட்டாங்க.”

குனிந்து பார்த்தேன். சாம்பல் நிறத்தில் கறுப்புக் கோடுகள் போட்ட பெண் பூனை. கூண்டின் மூலையில் முகத்தைப் புதைத்து, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கூப்பிட்டால் திரும்பவில்லை. தட்டினாலும் திரும்பவில்லை.

காஞ்சிபுரத்திலிருந்து திருப்புட்குழி போகும் வழியில், வயல்களுக்கு நடுவே தகரக் கூரை போட்டு நடத்தப்படும் சிறிய காப்பகம் அது. மாகறலில் பிறந்து இந்தப் பக்கம் வாழவந்த ஒரு பெண் அதை நடத்துகிறாள். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது சின்னவள். அடிபட்ட நாய்கள்தான் அங்கே அதிகம். பூனைகள் பின்னால் ஒரு சின்ன அறையில். ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் நான் அங்கே போய் வந்தேன். மிருகங்கள் மேல் பெரிய பாசம் என்று சொல்ல முடியாது. ஞாயிறு மதியம் என் வீட்டில் இருக்க முடியாது, அதனால் போனேன்.

என் கணவர் இறந்தது ஒரு ஞாயிறு மதியம். சாப்பிட்டுவிட்டு இருவரும் படுத்தோம். நானும் நன்றாகத் தூங்கினேன். வெயில் சாய்ந்தபோது நான் எழுந்தேன், அவர் எழவில்லை. வலி இருந்திருக்காது, தூக்கத்திலேயே இதயம் நின்றிருக்கும் என்றார் டாக்டர். காலை வேளைகளில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறவள் நான். மற்றவர்கள் கையைப் பிடித்து நரம்பு தேடுகிற வேலை. அந்த மதியத்துக்குப் பிறகு, என் முன்னால் யார் கண்ணை மூடினாலும் என் பார்வை அவர்கள் நெஞ்சுக்குப் போய்விடும், ஏறி இறங்குகிறதா என்று.

பூனை காப்பகத்தில் சாப்பிடவே இல்லை. நாய்கள் குரைக்கும்போதெல்லாம் அதன் உடம்பு முழுக்க ஓர் அதிர்வு ஓடும். வயிற்றை நக்கி நக்கி, அங்கே முடியே இல்லாமல் ரோஜா நிறத்தில் தோல் தெரிந்தது. அதற்குக் குரலும் இல்லை. வாயைத் திறக்கும், காற்று மட்டும் வரும். பிறவி ஊமை என்று நினைத்தோம்.

“இங்கியே வுட்டா ஒரு வாரம் தாங்காதுக்கா,” என்றாள் காப்பகத்துப் பெண். “சத்தமே இல்லாத வூடா பாக்கணும்.”

சத்தமே இல்லாத வீடு ஒன்று கிடைத்தது. குழந்தை இல்லாத, இருவருமே ஆசிரியர்களாக இருந்த ஒரு தம்பதி. தொலைக்காட்சிகூடக் கிடையாது. ஊர்ப் பேச்சையெல்லாம் நம்பாதவர்கள். ஆசையாகத் தூக்கிக்கொண்டு போனார்கள். அடுத்த ஞாயிறு கூடையோடு திரும்பி வந்து நின்றார்கள். அந்தக் கணவர் கன்னத்தில் மெல்லிய கோடாக ஒரு கீறல்.

“பகல்லல்லாம் ஒண்ணும் செய்யறதில்ல மேடம்,” என்றார் தயங்கி. “நல்லா சாப்பிடுது. நாங்க கண்ணு அசந்தா போதும், மூஞ்சிகிட்ட வந்துடுது. வாயில, கண்ணுல கைய வெக்குது. இவங்க பயந்துட்டாங்க.” அவர் மனைவி கூடையைப் பார்க்காமல் வயலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர்கள் போன பிறகு காப்பகத்துப் பெண்ணும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஆட்டோக்காரர் சொன்னது உண்மையாக இருக்குமோ என்ற கேள்வி இரண்டு பேருக்குமே வந்துவிட்டது. ஏன் என்று தெரியவில்லை, “நான் கொண்டுபோறேன்” என்றேன்.

செவிலிமேட்டில் பாலாற்றுப் பக்கமாக என் வீடு. பக்கத்து மனைகள் இரண்டும் இன்னும் காலி. மகள் பெங்களூரில் வேலை பார்க்கிறாள். வீட்டில் நான் ஒருத்திதான். பூனை முதல் நாள் முழுக்கப் பீரோவுக்குப் பின்னால் இருந்தது. மறுநாள் வெளியே வந்து மத்தி மீனும் சோறும் சாப்பிட்டது. அறை அறையாகப் போய் முகர்ந்தது. என் கணவர் படுக்கும் பக்கத்தில் மட்டும் வெகுநேரம் நின்றது. உறையைத் துவைத்து, மாற்றி, எத்தனையோ முறை வெயிலில் காயவைத்த மெத்தை அது. அதில் இனி என்ன வாசனை இருக்கப்போகிறது என்று நினைத்தேன். ஆனால் அது நின்றுகொண்டே இருந்தது.

அன்று மதியம் வேலையிலிருந்து வந்து கூடத்தில் பாயை விரித்துப் படுத்தேன். தூங்கவில்லை. கண்ணை மட்டும் மூடிக்கொண்டேன்.

சிறிது நேரத்தில் பாயின் ஓரம் அழுந்தியது. மீசை என் உதட்டில் பட்டது. மூக்கருகே அது முகர்வது தெரிந்தது. பிறகு ஒரு பாதம், நகமெல்லாம் உள்ளே இழுத்த மெத்தென்ற பாதம், என் கன்னத்தில் வந்து அமர்ந்தது. நான் அசையவில்லை. பாதம் தட்டியது. நின்று, மறுபடி தட்டியது. காதருகே அந்தக் குரலற்ற காற்று. அப்புறம் கீழ் இமைக்குப் பக்கத்தில் லேசாக நகம் குத்தி இழுத்தது.

கண்ணைத் திறந்தேன். பூனையின் முகம் என் முகத்துக்கு நேராக இருந்தது. என் கண்ணுக்குள் பார்த்தது. பார்த்துவிட்டு, ஒரு பெரிய வேலை முடிந்ததுபோலத் திரும்பி நடந்து, வாசற்படியில் போய்ச் சுருண்டு படுத்துக்கொண்டது. நான் மறுபடி கண்ணை மூடினேன். மறுபடி வந்தது.

மூன்றாவது முறை அந்தப் பாதம் கன்னத்தில் பட்டபோது எனக்குப் புரிந்துவிட்டது. எழுந்து உட்கார்ந்து, சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

மறுநாள், ஆட்டோக்காரரிடம் விசாரித்து, பூனை இருந்த தெருவைத் தேடிப் போனேன். கோயில் மதிலுக்குப் பின்னால் ஒரு சந்து. இறந்துபோன பெண் அங்கே ஒற்றை அறையில் தனியாக இருந்தவள். சன்னதித் தெருப் பூக்கடைக்கு மாலை கட்டிக் கொடுத்தவள். இரண்டு மூன்று நாள் மாலை வராததால் கதவை உடைத்தவர் அந்தப் பூக்கடைக்காரர்தான். அவரிடம் பூனையைப் பற்றிக் கேட்டேன்.

“தின்னல்லாம் இல்லமா,” என்றார் வாழைநாரைக் கிழித்துக்கொண்டே. “யாரோ கெளப்பி வுட்டது அது. கன்னத்துல, கண்ணாண்ட, சின்னச் சின்னதா கீறல் இருந்துச்சு. அவ்ளோதான். நான் உள்ள போறப்ப அவங்க நெஞ்சு மேல குந்திக்கினு இருந்துச்சு. என்னைப் பாத்து வாயத் தொறக்குது, சத்தம் வரல. மொதல் ரெண்டு நாளும் கத்திக்கினே இருந்துச்சாம். பக்கத்து வூட்டுக்காரங்க, குட்டி போட்ட பூனைன்னு நெனச்சிக்கினாங்களாம்.”

நாரைக் கிழிப்பதை நிறுத்தினார். “நாமளாவது அன்னைக்கே எட்டிப் பாத்திருக்கலாம்” என்றார், என்னிடம் இல்லை, பூக்கூடையிடம்.

அதற்குப் பிறகு அந்தப் பூனையை எங்கேயும் அனுப்புவதில்லை என்று முடிவு செய்தேன். என்னைவிட அதை யார் புரிந்துகொள்ளப் போகிறார்கள்? என் வீட்டைப்போல் அமைதியான வீடு ஊரில் எங்கே இருக்கிறது?

ஆனால் நாங்கள் இருவரும் சேர்ந்து தூக்கத்தை அந்த வீட்டிலிருந்தே துரத்திவிட்டோம். நான் கண் அயர்ந்தால் அது எழுப்பும். அது அயர்ந்து சுருண்டு கிடந்தால், வயிறு ஏறி இறங்குகிறதா என்று நான் குனிந்து பார்ப்பேன். என் நிழல் பட்டதும் திடுக்கிட்டு விழிக்கும். அதன் வயிற்றுத் தோலில் முடி முளைக்கவில்லை. பரிசோதனைக் கூடத்தில் ஒரு பெரியவரின் கையில் இரண்டு தடவை தவறாகக் குத்தினேன். மதியத்தில், வெளிச்சம் சாயும் நேரத்தில், நாங்கள் இருவரும் கூடத்தில் எதிரெதிரே உட்கார்ந்திருப்போம். அது சில சமயம் என்னை விட்டுவிட்டு, படுக்கையறைக் கதவைப் பார்க்கும். காதுகள் முன்னால் வளையும். அந்த அறையில் யாரும் இல்லை என்று எனக்குத் தெரியும். இருந்தும் எழுந்துபோய்ப் பார்ப்பேன்.

விடுமுறைக்கு மகள் வந்தாள். பேருந்துக் களைப்பில், சாப்பிட்டதும் கூடத்திலேயே படுத்துத் தூங்கிவிட்டாள். நான் பாத்திரம் கழுவிவிட்டு வந்தேன். அவள் மல்லாந்து கிடந்தாள், அவள் அப்பாவைப் போலவே ஒரு கையைத் தலைக்கு மேல் மடித்து. என் கால் தானாக அவளிடம் போனது. மண்டியிட்டு, அவள் மூக்குக்குக் கீழே விரலை நீட்டினேன். அந்தப் பக்கத்திலிருந்து பூனையும் வந்து அவள் கன்னத்தில் பாதத்தை வைத்தது.

அவள் கண் விழித்தாள். என்னைப் பார்த்தாள், பூனையைப் பார்த்தாள்.

“ரெண்டு பேரும் என்னம்மா பண்றீங்க?”

சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். நானும் சிரிக்கப் பார்த்தேன். பிறகு அவள் முகம் மாறியது. என் விரலைப் பிடித்துத் தன் நெஞ்சில் வைத்துக்கொண்டாள். “தெனமும் இப்படியா?” என்றாள். வெகுநேரம் கழித்து, “இந்த வீடு அமைதியா இருக்கு, ஆனா இதுல யாருக்கும் நிம்மதி இல்லம்மா. அத வேற எங்கயாவது குடுத்துடலாம். பாவம், அதாச்சும் தூங்கட்டும்” என்றாள்.

காப்பகத்துப் பெண்ணிடம் சொல்லிவைத்தேன். கொஞ்ச நாளில், எலித் தொல்லைக்குப் பூனை கேட்டு பிள்ளையார்பாளையத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். கணவனும் மனைவியும் வீட்டிலேயே தறி போட்டு நெய்கிறவர்கள். தறியில் ஏற்றிய பட்டு நூலை எலி கடித்துவிட்டதாம். நான் எதையும் மறைக்கவில்லை. ஊரில் சொல்வதைச் சொன்னேன், பூக்கடைக்காரர் சொன்னதைச் சொன்னேன், தூங்கவிடாது என்பதையும் சொன்னேன்.

அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். “மூச்சு இருக்குதான்னு பாக்குதாக்கா?”

“ஆமாம்மா.”

“அப்ப எங்க வூட்டுல அதுக்குச் சந்தேகமே வராது,” என்றாள். “எங்க வூட்டுக்காரரு கொறட்ட வுட்டா எதிர் வூட்டுலேர்ந்து வந்து கேப்பாங்க, தறி ஓடுதான்னு.”

நான்தான் கூடையில் வைத்துக் கொண்டுபோனேன். தறிச் சத்தம் தெருமுனையிலேயே தொடங்கிவிட்டது. வேண்டாம், திரும்பிவிடலாம் என்றுகூடத் தோன்றியது. கூடைக்குள் பூனை நடுங்கியது. உள்ளே திறந்துவிட்டதும் தறியின் அடியில் ஓடி ஒளிந்தது. அந்தக் கணவர் பெரிய உடம்புக்காரர், அதிகம் பேசாதவர். பூனையைப் பார்க்கக்கூட இல்லை. நெய்து முடித்து, கை கழுவிச் சாப்பிட்டு, தறிக்குப் பக்கத்திலேயே வெறுந்தரையில் துண்டை விரித்துப் படுத்தார். படுத்த மாத்திரத்தில் ஆரம்பித்தது. நான் அப்படி ஒரு குறட்டையைக் கேட்டதில்லை. அலமாரியில் இருந்த டம்ளர் அதற்கேற்ப மெல்ல ஒலித்தது.

பூனை தறியடியிலிருந்து தலையை நீட்டியது. வயிறு தரையில் உரச, ஊர்ந்து வந்தது. அவர் முகத்தருகே போய்ப் பாதத்தைத் தூக்கியது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். தூக்கிய பாதம் அப்படியே நின்றது. குறட்டை உள்ளே போய், வெளியே வந்தது. பூனையின் காதுகள் அதோடு சேர்ந்து அசைந்தன. பாதத்தைக் கீழே வைத்தது. அவர் விலாவை ஒட்டி உட்கார்ந்தது. உட்கார்ந்தபடியே தலை சாய்ந்தது, திடுக்கிட்டு நிமிர்ந்தது, மறுபடி சாய்ந்தது. கடைசியில் கால்களைப் பரப்பி, முடியில்லாத வயிற்றைக் காட்டிக்கொண்டு தூங்கிப்போனது. என் வீட்டில் அது ஒருநாளும் அப்படித் தூங்கியதில்லை.

எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்திருக்க வேண்டும். கூடையை எடுத்துக்கொண்டு பேருந்து நிறுத்தம் வரை அழுதுகொண்டே போனேன்.

அதன் பிறகு அடிக்கடி போய்ப் பார்த்தேன். வயிற்றில் முடி வளர்ந்துவிட்டது. எலி பிடிப்பதாகத் தெரியவில்லை; அதைப் பற்றி யாரும் கவலைப்படவும் இல்லை. ஒருமுறை அந்த வீட்டுப் பெண் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: “ஒண்ணு சொல்லட்டாக்கா? இவருக்குச் சில நேரம் கொறட்ட சட்டுனு நின்னுடும். மூச்சே இருக்காது. எனக்குக் கல்யாணம் ஆன நாள்லேர்ந்து அந்தப் பயம். அது நிக்கிறப்பல்லாம் இப்ப பூனை தட்டிடுது. இவரு பொரண்டு படுக்குறாரு. நான் தூங்குறேன்.” அது கவனிக்க வேண்டிய நோய் என்று சொல்லி, நானே அவர்களை டாக்டரிடம் அழைத்துப்போனேன். இப்போது மருத்துவம் நடக்கிறது.

சென்ற மாதம் ஒரு மதியம் அங்கே போயிருந்தபோது, சுவரில் சாய்ந்தபடி நான் தூங்கிவிட்டேன். அந்தக் குறட்டையைக் கேட்டுக்கொண்டே எப்போது தூங்கினேன் என்று தெரியாது. விழித்தபோது தலைக்குக் கீழே தலையணை இருந்தது. அவள் தறியில் உட்காராமல், என் தூக்கம் கெடக்கூடாது என்றோ என்னவோ, பக்கத்தில் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

“பூனை வந்துச்சா?” என்று கேட்டேன்.

“வந்துச்சுக்கா. மோந்து பாத்துச்சு. கைய தூக்குச்சு, அப்புறம் வேணாம்னு போயிடுச்சு.”

“நானும் குறட்டை விட்டேனா?”

“இல்ல. பேசினீங்க.” காயிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள். “எந்திரிங்க, எந்திரிங்கன்னு யாரையோ எழுப்பிக்கினே இருந்தீங்க.”

மீதிக் காயையும் நறுக்கி முடித்தாள். பிறகு அவள் காபி போட எழுந்து போனாள். நான் முகத்தைக் கழுவிக்கொண்டேன். இருட்டுவதற்குள் செவிலிமேடு பேருந்தைப் பிடித்து வீடு வந்து சேர்ந்தேன். கூடத்து விளக்கைப் போட்டேன், என் கணவர் போன பிறகு இருட்டாகவே விட்டிருந்த படுக்கையறையின் விளக்கையும் போட்டேன்.